கழுத்து வலிக்கிறதா? முதலில் ஹேண்டில்பாரைப் பாருங்கள்

என் அப்பா நாற்பது வருஷம் ஹெர்குலிஸ் சைக்கிள் ஓட்டினார். முழங்கால் வலிக்கிறது என்பார், செயின் கவர் இடிக்கிறது என்பார். கழுத்து வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான் கியர் சைக்கிள் வாங்கிய நான்காவது ஞாயிற்றுக்கிழமை, திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்பினேன். போக வர நாற்பது கிலோமீட்டருக்கு மேல். நீலாங்கரை வரும்போது, பின்னால் பஸ் வருகிறதா என்று பார்க்கக் கழுத்து திரும்ப மறுத்தது. இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் திருப்பித்தான் பார்த்தேன். மறுநாள் ஆபீஸில் யார் கூப்பிட்டாலும் நாற்காலியோடு சேர்ந்துதான் திரும்பினேன்.

அப்பாவின் கழுத்து என் கழுத்தைவிட உறுதியானது என்று நான் நம்பவில்லை. அவர் சைக்கிளில் ஹேண்டில்பார் சீட்டைவிட உயரம், பிடி அவரை நோக்கி வளைந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஊர் பார்த்துக்கொண்டு போவார். என் சைக்கிளில் ஹேண்டில்பார் சீட்டைவிடத் தாழ்வு, எட்டாத தூரம் வேறு. வலித்த இடம் கழுத்துதான், ஆனால் தப்பு செய்தது அது இல்லை. மற்ற பாகங்கள் செய்யாமல் விட்ட வேலையை அது செய்துகொண்டிருந்தது. புதிதாக ஓட்ட ஆரம்பிக்கிற யாருக்கும் நான் சொல்ல வருவது இதுதான். தைலம் தேய்க்கலாம், சுகமாகத்தான் இருக்கும். தைலத்தால் ஹேண்டில்பார் உயராது.

உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சோதனை

இப்போது நாற்காலியில் இருந்தால் நுனிக்கு வாருங்கள். முதுகைக் கூன் போட்டு, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரை ஒரு நிமிஷம் பாருங்கள். பிடரியில், மண்டை ஓடு முடிகிற இடத்தில், ஏதோ கசங்குவது போல் இருக்கும். இப்போது அதே அளவு முன்னால் சாய்ந்து, வளைவை மட்டும் முதுகிலிருந்து இடுப்புக்கு மாற்றுங்கள். நெஞ்சைக் கொஞ்சம் முன்னே தள்ளி, முதுகை நீளமாக வையுங்கள். காலண்டர் அதே இடத்தில்தான் இருக்கிறது, பிடரியின் கசங்கல் மட்டும் பாதியாகக் குறைந்திருக்கும்.

நம் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. நிமிர்ந்து உட்காரும்போது முதுகெலும்பின் உச்சியில் அது சும்மா அமர்ந்திருக்கும். முன்னால் சாய்ந்தால் பிடரித் தசைகள்தான் அதைத் தொங்கவிடாமல் பிடித்திருக்க வேண்டும். சாலையைப் பார்க்க முகத்தை நிமிர்த்தும்போது மேல் கழுத்து பின்பக்கம் மடிகிறது. முதுகு கூனினால் அந்த மடிப்பு இன்னும் கூடும். ஒரு மணி நேரம் அப்படியே ஓட்டினால் எந்தத் தசைதான் பிடித்துக்கொள்ளாது?

எப்போது, எந்தப் பக்கம் வலிக்கிறது?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று முறை ஓட்டிக் கவனியுங்கள். கிளம்பிய இருபதாவது நிமிஷமே வலி வந்தால் சைக்கிளின் அளவில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றரை மணி நேரம் கழித்து மெல்ல ஏறினால் தசைக்கு இன்னும் பழக்கம் போதவில்லை. ஓட்டும்போது ஒன்றுமில்லாமல் மறுநாள் ஆபீஸில் வலித்தால் லேப்டாப்பையும் செல்போனையும் விசாரியுங்கள். நாள் முழுக்கக் குனிந்து களைத்த கழுத்தைத்தான் நாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் ஏற்றுகிறோம்.

ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறதா? நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், வண்டிகள் வலப்பக்கம் முந்துகின்றன. அதனால் திரும்பிப் பார்ப்பதெல்லாம் வலது தோளுக்கு மேலாகத்தான். ஹேண்டில்பாரின் வலது முனையில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டினால் அந்தத் திரும்பல் பாதியாகக் குறையும். சாலையைக் கடப்பதற்கு முன் மட்டும் கண்ணாடியை நம்பாமல் திரும்பிப் பாருங்கள். ஒரே தோளில் தொங்கும் பையும் இதே ஒருபக்க வலியைக் கொடுக்கும்.

முதலில் சீட்டு

கழுத்து வலிக்குச் சீட்டைத் தொடுவானேன் என்று தோன்றும். ஹேண்டில்பார் உயரமா தாழ்வா என்பதை எதைக் கொண்டு அளப்பீர்கள்? சீட்டைக் கொண்டுதான். அது சரியில்லாமல் மேலே எதைச் சரிசெய்தாலும் மறுபடி செய்ய வேண்டி வரும்.

சுவரைப் பிடித்தபடி ஏறி உட்காருங்கள். பெடல் அடிப்பக்கம் வரும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடிந்திருக்கும். தொடங்குவதற்கு இந்த உயரம் போதும்.

அடுத்தது மட்டம். சீட்டின்மேல் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை வைத்து, அதன்மேல் செல்போனின் மட்டக்கருவியை வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட மட்டமாக இருக்க வேண்டும். கழுத்து வலிக்காரர் சைக்கிள்களில் நான் அடிக்கடி பார்ப்பது, மூக்கு கீழே சரிந்த சீட்டு. உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கக் கை விறைக்கும், கை விறைத்தால் தோள் காதுவரை ஏறும், தோள் ஏறினால் கழுத்து காலி.

ஹேண்டில்பார் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளாதீர்கள். கழுத்துக்குக் கிடைக்கும் நிம்மதிக்கு முழங்கால் விலை கொடுக்கும்.

ஹேண்டில்பாரை உயர்த்துவது

ஆரம்பத்தில் ஹேண்டில்பார் சீட்டின் உயரத்திலோ அதற்கு மேலோ இருக்கட்டும். பந்தய வீரர்கள் தாழ்த்தி வைப்பது காற்றைக் கிழிக்க. நாம் போவது இட்லி வடைக்கு.

பெரும்பாலான கியர் சைக்கிள்களில் ஹேண்டில்பாரை, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கின் தண்டோடு இணைக்கும் குட்டையான துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். அதற்கு மேலே ஸ்பேசர் என்னும் வளையங்கள் ஒன்றிரண்டு இருந்தால் உங்களுக்கு யோகம். அவற்றைக் கழற்றி ஸ்டெமுக்குக் கீழே போட்டால் ஹேண்டில்பார் அந்த அளவு உயரும். தேவை ஒரு ஆலன் கீ செட்டும் கொஞ்சம் பொறுமையும்.

தண்டின் உச்சியிலுள்ள மூடியின் போல்ட்டைக் கழற்றி மூடியை எடுங்கள். ஸ்டெமின் பக்கவாட்டு போல்ட்டுகள் இரண்டையும் தளர்த்தி, ஸ்டெமை மேலே உருவுங்கள். வேறு யாராவது முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டால் நல்லது, ஃபோர்க் நழுவாது. வளையங்களை இடம் மாற்றி, ஸ்டெமை மறுபடி போட்டு மூடியை வையுங்கள்.

மாட்டும்போது வரிசை முக்கியம். முதலில் மேல் மூடியின் போல்ட்டை, முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்பின் அசைத்தால் ஆட்டம் இல்லாத அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். அதற்குமேல் முடுக்கினால் ஹேண்டில்பார் இறுகித் திரும்பாது. பிறகு ஸ்டெம் முன் சக்கரத்துக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்து, பக்கவாட்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பது பெரும்பாலும் ஸ்டெமிலேயே அச்சிட்டிருக்கும், பலவற்றில் 5 நியூட்டன் மீட்டர். கடைசியாக ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பிரேக், கியர் கேபிள்கள் எங்கும் இழுபடக் கூடாது. ஃபோர்க்கின் தண்டு கார்பனாக இருந்தால் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். கடையில் புது வளையம் வாங்கி அடுக்கி உயரத்தைக் கூட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். தண்டு வளராது. ஸ்டெம் தண்டைப் பிடிக்கும் நீளம்தான் குறையும், ஓடுகிற வண்டியில் அது கழன்றால் கழுத்து வலி பற்றிய கவலையே இருக்காது.

வளையம் இல்லையா? ஸ்டெமைப் பக்கவாட்டில் பாருங்கள். பல ஸ்டெம்கள் ஆறு ஏழு டிகிரி சாய்வில் இருக்கும். கீழ்நோக்கிச் சாய மாட்டியிருந்தால், ஹேண்டில்பாரைக் கழற்றி ஸ்டெமைத் தலைகீழாகத் திருப்பி மாட்டலாம். 100 மி.மீ. ஸ்டெமில் இதற்கே சுமார் 2 செ.மீ. உயரம் கிடைக்கும். கேட்க அற்பமாக இருக்கும், ஓட்டினால் தெரியும்.

பழைய பாணிச் சைக்கிள்களில் ஸ்டெம் தண்டுக்குள்ளேயே இறங்கியிருக்கும். உச்சி போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, மேலே ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டினால் இளகும். உயர்த்தலாம், ஆனால் ஸ்டெமில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது.

எட்டும் தூரம்

உயர்த்தியும் வலி போகவில்லை என்றால் தூரம்தான் மிச்சம். வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் கைகளை வைத்து ஓட்டும்போது முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும். விரல்கள் ஹார்மோனியம் வாசிக்கிற மாதிரி அசைய வேண்டும். அசையவில்லை என்றால் உடம்பின் பாரம் முழுவதும் கையில் இறங்குகிறது என்று அர்த்தம். 100 மி.மீ. ஸ்டெமை எடுத்துவிட்டு 80 மி.மீ. போடுவது பெரிய செலவில்லை. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் இடத்தின் குறுக்களவு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். இப்போது வருபவற்றில் 31.8 மி.மீ. பரவலாக இருக்கிறது.

ஃபிரேமே பெரிதாக இருந்தால் எந்த ஸ்டெமும் காப்பாற்றாது. நான் முதல் சைக்கிள் வாங்கிய கடையில் என் உயரத்தை யாரும் கேட்கவில்லை. இருந்தது ஒரே சைஸ், அதுவே உங்களுக்குக் கச்சிதம் என்றார்கள். ஒரு வருஷம் கழித்து நஷ்டத்துக்கு விற்றேன். வாங்கும் முன் அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள், கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது.

நேரான ஹேண்டில்பார் என்றால் பிரேக் லீவர்களையும் பாருங்கள். முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே கோடாக வரும்படி லீவர் சற்றுக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மணிக்கட்டு மேலே மடிந்தால் தோள் தூக்கிக்கொள்ளும்.

டயரில் காற்றையும் கல்லாக அடிக்காதீர்கள். டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது உச்ச அளவு, அவ்வளவு அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் அந்த அதிர்வெல்லாம் கை வழியாக ஏறி வந்து கழுத்தில்தான் முடியும். ஃபிரேமில் இடமிருந்தால் அகலமான டயர் போடுங்கள். 28 மி.மீ.யிலிருந்து 32 மி.மீ.க்கு மாறிய நண்பர் ஒருவர் புதுச் சைக்கிள் வாங்கினது போல இருக்கிறது என்றார்.

ஒன்று முக்கியம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதுவும் சின்னதாக. மாற்றிவிட்டு இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

தலையில் இருப்பவை

ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு மட்டமாக உட்கார வேண்டும். நெற்றியில் சரிந்து கண்ணை மறைத்தால் அதற்கேற்பத் தலையை அண்ணாந்துகொண்டே இருப்பீர்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நிழல்தட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

கண்ணாடி போடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. முன்னால் குனிந்து ஓட்டும்போது நாம் சாலையைப் பார்ப்பது லென்ஸின் மேல்விளிம்பு வழியாக. வியர்வையில் கண்ணாடி மூக்கில் இறங்கினால் ஃபிரேமுக்கு மேலேதான் உலகம் தெரியும், உடனே கழுத்து இன்னும் நிமிரும். காதோடு கட்டும் ரப்பர் பட்டை இதற்குப் போதும்.

முதுகுப்பையில் லேப்டாப்போடு ஆபீஸுக்கு ஓட்டுபவர்கள் பின்னால் கேரியர் போட்டுப் பாரத்தை அதற்குக் கொடுத்துவிடுங்கள்.

ஓட்டும்போது

சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மூச்சை விட்டுத் தோளைக் காதிலிருந்து இறக்குங்கள். அது எப்போது ஏறியது என்றே உங்களுக்குத் தெரிந்திருக்காது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கை பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள். வேகத்தடை வந்தால் சீட்டிலிருந்து சற்று எழுந்து, முழங்கையை மடித்து, கை கால்களாலேயே தாண்டுங்கள். வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடைகள் நம் ஊரில் எத்தனை! விறைத்த கையோடு அதில் ஏறினால் குலுக்கல் நேரே பிடரிக்குப் போகும்.

எதிரில் வண்டி இல்லாத நேரான சாலையில், தலையை முழுக்க நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்க்கப் பழகுங்கள். தாடையைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் இது எளிது. அதற்காகத் தலையைக் குனிந்து சக்கரத்தைப் பார்த்தபடி ஓட்டாதீர்கள். நின்றிருக்கும் லாரியில் போய் மோதியவர்கள் இருக்கிறார்கள்.

தூரத்தை மெதுவாகக் கூட்டுங்கள். இந்த வாரம் முப்பது என்றால் அடுத்த வாரம் முப்பத்துமூன்று, நாலு. திரும்பி வரும் தூரமும் கழுத்தின் கணக்கில்தான் சேரும் என்பதை மறந்துதான் நான் முட்டுக்காட்டில் மாட்டினேன். பிரெவே என்னும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களில் 200 கி.மீ.க்கே பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். நாம் யாரைத் துரத்துகிறோம்?

கழுத்துத் தசை ஒரேயடியாகக் களைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நெடுந்தூரக்காரர்களிடம் ஒரு பெயரே இருக்கிறது: ஷெர்மர் கழுத்து. அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும் பந்தயத்தில் 1983ஆம் ஆண்டு மைக்கேல் ஷெர்மருக்குத் தலையைத் தூக்கவே முடியாமல் போனது. தசை அடியோடு கைவிட்டுவிட்டது. அதே நிலை வந்த சிலர் தாடைக்கு முட்டுக்கொடுத்தும் ஓட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் நமக்கு இது வராது. ஆனால் நண்பர்கள் கேலி செய்யும்போது எடுத்துவிட ஒரு நல்ல கதை.

வழியிலேயே பிடித்துக்கொண்டால்

நிறுத்துங்கள். டீக்கடை இருந்தால் இன்னும் நல்லது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேராக நின்று, மேஜை டிராயரை மூடுவது போல் தாடையை நேர்பின்னால் இழுங்கள். குனியக் கூடாது, அண்ணாந்து பார்க்கவும் கூடாது. இரட்டைத் தாடை விழும், விழட்டும். ஐந்து விநாடி பிடித்து விடுங்கள், எட்டுப் பத்து முறை. பிறகு தோள்களைப் பின்பக்கமாகச் சுழற்றுங்கள். வலக்காதை வலது தோள் பக்கம் மெல்லச் சாய்த்து இருபது விநாடி, அப்படியே இடப்பக்கம். தலையை வட்டமாகச் சுழற்றுவதும் வெடுக்கென்று உதறுவதும் வேண்டாம். டீயைக் குடித்துவிட்டு வரும் வழியில் நிமிர்ந்தே ஓட்டுங்கள். கார் ஏறிக்கூட வரலாம், மானம் ஒன்றும் போகாது.

வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கால் மணி நேரம் இதமாக இருக்கும். துணி மடித்துப் போடுங்கள், தோல் வெந்துவிடக் கூடாது. அசையாமல் படுத்துக் கிடந்தால் பிடிப்பு நீளும், வலிக்காத அளவுக்குக் கழுத்தை அசைத்துக்கொண்டே இருங்கள். இரட்டைத் தலையணைக்கு விடுப்பு கொடுங்கள். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால், இரத்த அழுத்தம், சிறுநீரகம், வயிற்றுப் புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

முடிவெட்டும் கடையில் தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்பி நெட்டி முறிப்பார்களே, அதை மட்டும் செய்துகொள்ளாதீர்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று வரும் உறவினர் கையிலும் கழுத்தைக் கொடுக்காதீர்கள். மூளைக்கு இரத்தம் போகும் குழாய்களில் இரண்டு கழுத்து முதுகெலும்பின் ஓட்டைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. திடீர் முறுக்கில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போவது அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது.

எப்போது டாக்டர்?

விழுந்த பிறகு வந்த கழுத்து வலி, கைக்குள் மின்சாரம் போல் இறங்கும் வலி, கை பலமிழந்து டம்ளர் நழுவுவது, நடை தள்ளாடுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, இதுவரை வராத மாதிரி தலைவலி. இதில் எது வந்தாலும் ஸ்டெமைத் திருப்பிக்கொண்டிருக்காமல் உடனே போங்கள். நெஞ்சு இறுகி, தாடைக்கும் இடது கைக்கும் வலி பரவி, வேர்த்துக் கொட்டினால் அதைக் கழுத்துப் பிடிப்பு என்று நினைக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்துப்போவது பெரும்பாலும் உள்ளங்கையில் விழும் அழுத்தத்தால் வருவது. பாரம் குறைந்தால் போய்விடும், போகாவிட்டால் காட்டுங்கள். எல்லாம் சரிசெய்தும் இரண்டு மூன்று வாரம் வலி நீடித்தாலும் காட்டிவிடுவது நல்லது.

வாரத்தில் மூன்று நாள், பத்து நிமிஷம்

டீக்கடையில் செய்த தாடைப் பயிற்சியையே வீட்டில் பத்துப் பத்தாக இரண்டு சுற்று செய்யுங்கள். பிறகு ஒரு துண்டை உருட்டி, தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே குறுக்காக வைத்து மல்லாந்து படுங்கள். கைகளைத் தலைக்குமேல் விரித்து இரண்டு நிமிஷம். கூனல் முதுகு இளகுவது இதில்தான். அடுத்து குப்புறப் படுத்து, நெற்றியைத் தரையில் வைத்துத் தொடங்கி, கைகளைப் பக்கவாட்டில் வைத்துத் தோள்பட்டைகளைப் பின்னால் நெருக்கி நெஞ்சைக் கொஞ்சம் தூக்குங்கள். தலை முதுகின் நேர்கோட்டிலேயே இருக்கட்டும். பத்து முறை. முடிவில் முழங்கையை ஊன்றிப் பலகை மாதிரி உடம்பை நேராக நிறுத்துங்கள், இருபது விநாடியில் தொடங்கலாம். வயிறும் முதுகும் உடம்பைத் தாங்கப் பழகினால் கை இளகும். கை இளகினால் கழுத்துக்கு வேலை குறையும்.

சரியான அளவுகள் அமைந்ததும் சீட்டுக் குழாயில் அது உள்ளே இறங்கும் இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள். சீட்டின் நுனியிலிருந்து ஹேண்டில்பாரின் நடுவுக்கு டேப் வைத்து அளந்து செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். சர்வீஸுக்கு விட்ட வண்டி திரும்பி வரும்போது சீட்டு இரண்டு விரல் இறங்கியிருக்கும், அதன் மூக்கும் சரிந்திருக்கும். மெக்கானிக் கழுவுவதற்காகக் கழற்றி மாட்டியிருப்பார், அவரைச் சொல்லிப் பயனில்லை. கடை வாசலிலேயே டேப்பைப் பார்த்துச் சரிசெய்துவிட்டு ஏறுங்கள்.